பூஜை முதல் விருது வரை: ஒரு கற்பனைப் பட ஆட்டத்தின் கணக்கு வழக்கு

கேமரா கிடையாது, யூனிட் கிடையாது, பத்துப் பைசா முதலீடும் கிடையாது. ஆனால் பூஜை உண்டு, கால்ஷீட் தகராறு உண்டு, ஏரியா வியாபாரம் உண்டு, கடைசியில் விருதும் உண்டு. கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்துச் சினிமாப் பித்தர்கள் இணையத்தில் கூடி ஆடிய கற்பனைப் படத் தயாரிப்பு ஆட்டம் நின்றுவிட்டது. விதித் தாளும் பழைய சுற்றுகளின் கணக்குகளும் மட்டும் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. மறுபடி ஆரம்பிக்கலாமா என்ற பேச்சு அவ்வப்போது எழுகிறது. ஆரம்பிக்கிறவர்கள் எதை அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும், எதை மாற்ற வேண்டும் என்று பார்க்கத்தான் இந்த விமர்சனம். அந்த ஆட்டத்தை நிமிர்த்தி வைத்திருந்தவை அதன் கெடுபிடிகள். அவை தளர்ந்த சுற்றுகளில் ஆட்டமும் சேர்ந்தே தளர்ந்தது.

ஒரு சுற்று 12 வாரம். முதல் வாரம் தலைப்புப் பதிவும் பூஜையும். இரண்டாம் வாரம் கால்ஷீட். மூன்று முதல் ஆறு வரை படப்பிடிப்பு, ஏழும் எட்டும் போஸ்ட் புரொடக்‌ஷன், ஒன்பதில் சென்சார், பத்தும் பதினொன்றும் ரிலீஸ், பன்னிரண்டில் விருது. பட்ஜெட் உச்சவரம்பு 30 கோடி. நாயகர்களுக்கு மூன்று படி: முதல் படி 12 கோடி, இரண்டாம் படி 5 கோடி, மூன்றாம் படி 1 கோடி. ஒரு நடிகருக்கு ஒரு சுற்றில் 60 நாள் கால்ஷீட்டுக்கு மேல் கிடையாது. நாயகன் வேடத்துக்குக் குறைந்தது 40 நாள் எடுத்தாக வேண்டும். ஆக, ஒரு நாயகனுக்கு ஒரு சுற்றில் ஒரே படம். மீதியுள்ள 20 நாளைக் கௌரவத் தோற்றத்துக்கு விற்கலாம்.

இரண்டு பேர் ஒரே நடிகரைக் கேட்டால் மூடிய ஏலம். பட்டியல் சம்பளத்துக்கு மேல் 25 சதவீதம் வரைதான் ஏற்றலாம், அதாவது முதல் படி நடிகருக்கு 15 கோடி. அத்தோடு பாதி பட்ஜெட் போய்விடும். மிச்சப் பாதியில் இசையமைப்பாளர், ஒளிப்பதிவாளர், செட், விளம்பரம் எல்லாவற்றையும் அடக்க வேண்டும். இந்த நெருக்கடிதான் ஆட்டத்தின் சுவையே. பெரிய நாயகனைப் பிடித்தவர் இரண்டே லொகேஷனில் கதை சொல்லப் பழகினார். பிடிக்க முடியாதவர் மூன்றாம் படி நடிகரோடு கிராமத்துக் கதைக்குப் போனார், பல நேரம் நல்ல படம் அங்கிருந்துதான் வந்தது. பின்னாளில் "எல்லாரும் ஆசைப்படுகிறார்களே" என்று உச்சவரம்பை 100 கோடியாக்கினார்கள். அதன்பிறகு வந்த படங்கள் எல்லாம் நட்சத்திரப் பெயர்ப் பட்டியல்கள். இனி நடத்துகிறவர்கள் 30 கோடி வரம்பை மாற்றவே கூடாது.

படப்பிடிப்புத் தாள் இந்த ஆட்டத்தின் மிகச் சிறந்த பகுதி. வெறுமனே "பொள்ளாச்சியில் 20 நாள்" என்று எழுதினால் செல்லாது. மாதம், லொகேஷன், யூனிட் தங்கும் ஊர், நாள் செலவு எல்லாம் வேண்டும். கோவையைச் சுற்றிச் சமவெளியில் நாளுக்கு 4 லட்சம், மலையேறினால் 6 லட்சம். பேட்டா, சாப்பாடு, வண்டி, ஜெனரேட்டர் எல்லாம் அதற்குள். 45 நாள் மலைப் படப்பிடிப்புக்கு 2 கோடியே 70 லட்சம். இதற்கு மேல் அபராதங்கள். ஆழியாறிலிருந்து வால்பாறை ஏற 40 கொண்டை ஊசி வளைவு. ஜெனரேட்டர் வண்டியும் லைட் வண்டியும் ஊர்ந்துதான் ஏறும் என்பதால் ஏற ஒரு நாள், இறங்க ஒரு நாள் சும்மா கழியும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழையில் வால்பாறைக்குக் கால்ஷீட் போட்டால் மூன்றில் ஒரு நாள் வீண். டாப்ஸ்லிப் போடுகிறவர் ஆனைமலைப் புலிகள் காப்பகத்துக்குள் வனத்துறை அனுமதிக்கென்று இரண்டு வாரம் ஒதுக்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்தக் காட்சியே ரத்து.

கோபிசெட்டிபாளையத்துக்கு விதி இன்னும் நுணுக்கம். வயல் பச்சையாக இருக்க வேண்டுமென்றால் கொடிவேரி அணைக்கட்டிலிருந்து பிரியும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்களில் தண்ணீர் விட்டு, நடவு முடிந்திருக்க வேண்டும். நடவுக்கு முன் போனால் சேறு, அறுப்புக்குப் பின் போனால் தாளடி. கதைக்கு அதுவே தேவையென்றால் சரி, பச்சை வயலில் பாட்டு எழுதியிருந்தால் கெட்டது கதை. பவானிசாகரில் உபரி நீர் திறந்தால் கொடிவேரியில் ஆளை இறங்க விடமாட்டார்கள், அந்த நாட்களும் கழியும். ஊரின் பயிரையும் மழையையும் தெரிந்தவருக்கு ஆட்டத்தில் நேரடி லாபம் கிடைத்த இடம் இது. வெளியூர் ஆட்டக்காரர்கள் இங்கேதான் அதிகம் அடிபட்டார்கள். அவர்களுக்கும் சமமான வாய்ப்பு வேண்டுமென்றால் சுற்று தொடங்கும்போதே லொகேஷன் மாத அட்டவணையைக் கையில் கொடுத்துவிடுவது நியாயம்.

கதைத் தாள் 600 சொல். தொடக்கம், இடைவேளை, முடிவு மூன்றும் இருந்தாக வேண்டும், கூடவே ஒரு முழுக் காட்சியின் வசனம். இடைவேளைக் கட்டத்தை எழுதாதவரின் தாள் திரும்பிவிடும். இந்த ஒரு விதியே பாதிக் குப்பையை வடிகட்டியது. கொங்குக் கதை என்று பதிவு செய்தால் வசனத்தை இந்தப் பக்கத்தார் இருவர் படித்து மதிப்பெண் தருவார்கள். மணிவண்ணன், சத்யராஜ், கோவை சரளா போன்றோர் திரையில் எவ்வளவு இயல்பாகப் பேசிக் காட்டிய மொழி இது! எல்லா வாக்கியத்தின் வாலிலும் "ங்க" ஒட்டி வைத்தால் போதும் என்று நினைத்து எழுதிய தாள்கள் இங்கே தோற்றதில் வருத்தப்பட ஒன்றுமில்லை.

வசூல் பகுதிக்கு வருவோம். விதித் தாள் தமிழ்நாட்டை விநியோகஸ்தர்கள் பிரிப்பதை ஒட்டியே பிரித்தது: சென்னை, செங்கல்பட்டு, கோவை, சேலம், மதுரை-ராமநாதபுரம், திருச்சி-தஞ்சை, நெல்லை-கன்னியாகுமரி. கோவை ஏரியா என்றால் கோவையோடு திருப்பூர், ஈரோடு, நீலகிரியும் அடக்கம். நாமக்கல்லும் தர்மபுரியும் சேலம் ஏரியாவில். இதைக் குழப்பிக்கொண்டு நாமக்கல்லைக் கோவைக் கணக்கில் எழுதிய தாள்கள் நிறைய.

கணக்கு இப்படிப் போகும். கோவை ஏரியாவில் 40 திரை, நாளுக்கு 4 காட்சி, சராசரி 400 இருக்கை, ரிலீசான முதல் மூன்று நாள். மொத்தம் 1,92,000 இருக்கை. 60 சதவீதம் நிரம்பினால் 1,15,200 டிக்கெட். வரி போகத் தலைக்கு 100 ரூபாய் என்றால் நெட் 1 கோடியே 15 லட்சத்து 20 ஆயிரம். முதல் வாரம் தியேட்டருக்கு 40 சதவீதம், விநியோகஸ்தருக்கு 60. விநியோகஸ்தரின் இந்தப் பங்குதான் ஷேர்: 69 லட்சத்து 12 ஆயிரம். வார நாட்கள் நான்கும் சேர்ந்து இதில் பாதி என்று வைத்தால் முதல் வார ஷேர் 1 கோடியே 3 லட்சத்து 68 ஆயிரம். பழைய சுற்றுகளில் தமிழ்த் தலைப்புக்கும் யூ சான்றிதழுக்கும் வரிவிலக்கு என்று ஒரு வரி இருந்தது, 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபின் அதை எடுத்துவிட்டார்கள். சரியான முடிவு.

இரண்டாம் வாரம்தான் சூடு. கதைத் தாளைப் படித்த மற்ற ஆட்டக்காரர்கள் அதற்குப் பத்துக்கு மதிப்பெண் போடுவார்கள். சராசரி 8-க்கு மேல் என்றால் வசூல் முதல் வாரத்தைவிட 30 சதவீதம் இறங்கும், 6 முதல் 8 வரை என்றால் 50, அதற்கும் கீழே 70. இரண்டாம் வாரம் ஷேர் பாதிக்குப் பாதி. மேலே சொன்ன படத்துக்கு, நல்ல பேர் கிடைத்தால் இரண்டு வார ஷேர் 1 கோடியே 64 லட்சம், நடுத்தரம் என்றால் 1 கோடியே 47 லட்சம், பேர் கெட்டால் 1 கோடியே 30 லட்சம். இந்த ஏரியாவை ஒன்றரைக் கோடிக்கு மினிமம் கேரண்டியில், அதாவது நட்டம் வந்தால் தன் தலையில் என்ற ஒப்பந்தத்தில், வாங்கியவர் முதல் கணக்கில் 14 லட்சம் பார்ப்பார், இரண்டாவதில் 3 லட்சம் விடுவார், மூன்றாவதில் 20 லட்சம் போகும்.

இவ்வளவு அழகான கணக்கைக் கெடுத்தது ஒரே ஓட்டை: வாங்குகிறவர் யார்? விதித் தாளில் அது "வங்கி". கேட்ட விலைக்கு வாங்கிக்கொள்ளும், நட்டம் அதன் தலையில். பிறகு யார்தான் சொந்த ரிலீஸ் செய்வார்? எல்லாரும் ஏழு ஏரியாவையும் மினிமம் கேரண்டிக்குத் தள்ளிவிட்டு, படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் கவலையில்லாமல் இருந்தார்கள். இதற்கு மருந்து எளிது. ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் 5 கோடி விநியோகப் பணம் கொடுத்து, அடுத்தவர் படத்தின் ஏரியாவை அவர்களையே வாங்க வைக்க வேண்டும். அட்வான்ஸில் வாங்கினால் குறைகிற பணத்தைத் தயாரிப்பாளர் திருப்பித் தர வேண்டும், மினிமம் கேரண்டியில் வாங்கினால் நட்டம் வாங்கியவருடையது. விலை பேசுவதே தனி ஆட்டமாகிவிடும்.

மதிப்பெண்ணிலும் கோளாறு இருந்தது. அதே வாரம் படம் விடுகிறவரே போட்டிப் படத்துக்கு மதிப்பெண் போட்டார், 3-க்கு மேல் கை நீளவில்லை. ரிலீஸ் வாரத்திலும் அடுத்த வாரத்திலும் படம் வைத்திருப்பவரை மதிப்பெண் பட்டியலிலிருந்து விலக்க வேண்டும். உச்ச மதிப்பெண் ஒன்று, அடி மதிப்பெண் ஒன்று இரண்டையும் நீக்கிச் சராசரி எடுக்க வேண்டும். அதற்குக் குறைந்தது ஏழு பேர் தேவை. ஐந்து பேரை வைத்து நீக்கினால் மூன்றே மதிப்பெண் மிஞ்சும், ஒருவர் நினைத்தால் படத்தைக் கவிழ்த்துவிடலாம்.

விருதுப் பகுதி மனசுக்கு நிறைவு தருவது. தேசிய விருதுக்குத் தகுதி சென்சார் சான்றிதழ் தேதியைப் பொறுத்தது போல, இங்கேயும் ஒன்பதாம் வாரத்துக்குள் சான்றிதழ் வாங்கிய படம்தான் போட்டியில். ஆரம்பத்தில் ஆளுக்கு ஓர் ஓட்டு. உடனே பேரம் தொடங்கியது: நீ எனக்குப் படம், நான் உனக்கு இசை. அதன்பின் சிறந்த படத்துக்கு மட்டும், படங்களைப் பிடித்த வரிசையில் எழுதித் தரும் விருப்ப வரிசை முறை வந்தது. ஆஸ்கரில் 2009-ஆம் ஆண்டுப் படங்களிலிருந்து சிறந்த படத்துக்குப் பின்பற்றும் முறை இதுவே. உதாரணமாக 20 ஓட்டு, நான்கு படம். முதல் விருப்பம் முறையே 8, 6, 4, 2. பாதிக்கு மேல் என்றால் 11 வேண்டும், யாருக்கும் இல்லை. கடைசிப் படம் விலகும். அதன் 2 ஓட்டிலும் இரண்டாம் விருப்பம் இரண்டாவது படம் என்றால் அது 8 ஆகும். அடுத்து 4 ஓட்டுப் படம் விலகும். அதில் 3 இரண்டாவது படத்துக்கும் 1 முதல் படத்துக்கும் போனால் 11-க்கு 9. முதலில் முந்தியிருந்த படம் தோற்று, பலருக்கும் பிடித்த படம் ஜெயிக்கிறது. ஒரு கூட்டணியின் எட்டு ஓட்டு இங்கே கடைசி வரை எட்டு, ஒன்பதுக்குமேல் வளராது. சொந்தப் படத்தை வரிசையில் எழுதவே கூடாது என்ற விதியைக் கட்டாயம் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் எல்லாரும் தன் படத்தையே முதலில் எழுதி, எல்லாப் படத்துக்கும் ஆளுக்கொன்று வந்து நிற்கும். விலக்கும்போது சமமானால் முந்தைய சுற்று எண்ணிக்கையில் குறைந்தது வெளியேறும், அதுவும் சமமென்றால் இரண்டாம் விருப்பங்களைக் கூட்டிப் பார்ப்பார்கள்.

எடுக்காத படத்துக்கு ஒளிப்பதிவு விருது எப்படி? 150 சொல்லில் ஒளிப்பதிவுக் குறிப்பு: ஒரு காட்சி, எந்த நேர வெளிச்சம், எந்த லென்ஸ், கேமரா ஏன் அங்கே நிற்கிறது. "பிரமாதமான விஷுவல்" என்று எழுதியவருக்குப் பூஜ்யம். இசைக்குப் பாட்டின் சூழலும் அது கதையில் நகர்த்துவதும் எழுத வேண்டும், வரிகள் வேண்டாம். இந்தக் குறிப்புகளைப் படிக்கவே பழைய தாள்களைத் தேடி எடுக்கலாம்.

ஸ்டுடியோ காலச் சுற்று என்று ஒன்று உண்டு. 1935 முதல் 1960 வரை, கொங்கு மண்ணின் மூன்று ஸ்டுடியோக்கள் மட்டும்: கோவை சென்ட்ரல் ஸ்டுடியோ, ஸ்ரீராமுலு நாயுடுவின் பட்சிராஜா, டி.ஆர். சுந்தரத்தின் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ். நடிகருக்குக் கால்ஷீட் கிடையாது, மாதச் சம்பளம். ஒரு செட்டை இன்னொரு மொழிப் படத்துக்கும் பயன்படுத்தினால் இரண்டாவது படத்துக்குச் செட் செலவு மூன்றில் ஒரு பங்கு. பட்சிராஜா 1954-இல் எடுத்த ‘மலைக்கள்ளன்’ கதையையே ஆறு மொழிகளில் படமாக்கிய முறையிலிருந்து பிறந்த விதி அது. சாமிக்கண்ணு வின்சென்ட் 1914-இல் கோவையில் கட்டிய வெரைட்டி ஹாலில் முதல் காட்சி போட்டால் கூடுதல் மதிப்பெண் என்றும் ஒரு வரி இருக்கிறது. அலங்காரம்தான், இருந்துவிட்டுப் போகட்டும். இந்தச் சுற்றை முதலில் ஆடுவது புதியவர்களுக்கு நல்லது. கணக்கு எளிது, சம்பளப் பட்டியல் ஒரே பக்கம்.

நடத்த மூன்று பேர் வேண்டும்: கால்ஷீட் பார்க்க ஒருவர், வசூல் கணக்குக்கு ஒருவர், ஓட்டு எண்ண ஒருவர். மூவரும் அந்தச் சுற்றில் படம் எடுக்கக் கூடாது. பன்னிரண்டு ஆட்டக்காரருக்குக் குறைந்தால் ஏரியா வாங்க ஆளிருக்காது, இருபதைத் தாண்டினால் ஒரு வாரத்தில் எல்லாத் தாளையும் படித்து மதிப்பெண் போட முடியாது. பட்ஜெட் தாளைப் படப்பிடிப்பு தொடங்கும் அன்று பூட்டிவிட வேண்டும். ரிலீசுக்கு முந்தின நாள் செட் செலவைக் குறைத்து விளம்பரத்தில் ஏற்றும் வேலை எல்லாச் சுற்றிலும் நடந்திருக்கிறது. பூட்டிய தாளின் நகல் கணக்குப் பார்ப்பவரிடம் ஒன்றும் ஓட்டு எண்ணுபவரிடம் ஒன்றும் இருந்தால் போதும்.