சொந்த முட்டையா, தானமாக வந்த முட்டையா, தத்தெடுத்த கருவா?

நானும் என் கணவரும் கடைசியில் தேர்ந்தெடுத்தது மூன்றாவது வழியை. எங்கள் மகன் அப்படி வந்தவன். அதனால் இந்த அலசல் எந்தப் பக்கம் சாயும் என்பதில் ஒளிவுமறைவு இல்லை. மற்ற இரண்டில் முதல் வழியை உடம்பாலேயே அனுபவித்திருக்கிறேன். இரண்டாவது வழியில் கையெழுத்துப் போடும் கட்டம் வரை போய்த் திரும்பியிருக்கிறோம்.

சினைப்பையில் முட்டை இருப்பு எவ்வளவு என்று காட்டும் ஏ.எம்.ஹெச். ஹார்மோன் அளவு எனக்கு மிகக் குறைவு. எவ்வளவு ஊசி போட்டாலும் எடுக்க முடிந்த முட்டைகள் விரல்விட்டு எண்ணும்படிதான் இருந்தன. அதில் கருவானவை இன்னும் குறைவு. ஐந்தாம் நாள் வரை தாக்குப்பிடித்து, கருப்பையில் ஒட்டத் தயாராகும் பிளாஸ்டோசிஸ்ட் நிலைக்கு வந்தவை அதிலும் குறைவு. ஒரு கரு தங்கியது, பிறகு கலைந்தது. அதன் பின்தான் டாக்டர் எங்களை உட்கார வைத்து, "மறுபடியும் உங்க முட்டையிலயே முயற்சி பண்ணலாம், தானமா வர்ற முட்டையை உங்க கணவரோட விந்தணுவோட சேர்க்கலாம், இல்லைன்னா இன்னொரு தம்பதி உறைய வெச்சிருக்கிற கருவை வாங்கிக்கலாம்" என்றார்.

சொந்த முட்டையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உடலுக்கு வெளியே கருவாக்கும் ஐ.வி.எஃப். சிகிச்சையில் வயது என்பது பெரும்பாலும் முட்டையின் வயதுதான். நாற்பதைத் தாண்டினால் உருவாகும் கருக்களில் பாதிக்கு மேல் குரோமோசோம் கோளாறோடு இருக்கும். அவை ஒட்டாது, ஒட்டினாலும் பல நேரம் கலைந்துவிடும். கருப்பை அப்படியில்லை. இளம் பெண்ணின் முட்டையில் உருவான கருவை நாற்பது கடந்தவரின் கருப்பையும் நன்றாகவே ஏற்றுக்கொள்கிறது. முட்டை இருப்பு இன்னும் இருக்கிறவர்களும் முப்பதுகளில் இருக்கிறவர்களும் முதலில் இந்த வழியில் போவதுதான் முறை. எனக்கு அந்தக் கட்டம் முடிந்திருந்தது.

ஆக, உண்மையான போட்டி தான முட்டைக்கும் தத்துக் கருவுக்கும் இடையில்.

இரண்டிலும் பெறுகிற பெண்ணின் உடம்பு படும் பாடு ஏறக்குறைய ஒன்றே. முட்டை எடுக்கும் ஊசிகள் இல்லை, மயக்க மருந்து இல்லை. முதலில் கருப்பையின் உட்சுவரைத் தடிக்க வைக்கும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் மாத்திரைகள். அது ஏழெட்டு மில்லிமீட்டர் தடித்ததும், கர்ப்பத்தைத் தாங்கும் புரொஜெஸ்டிரான் ஹார்மோன் தொடங்கும். எனக்கு எண்ணெயில் கரைத்த ஊசி. இடுப்புச் சதையில் போட்ட இடமெல்லாம் கட்டி கட்டியாக வீங்கி, ஒருக்களித்துப் படுக்க முடியாது. மாதவிடாய்ச் சுழற்சியை முழுக்க மருந்தாலேயே நடத்தும்போது, புரொஜெஸ்டிரானைச் சுரந்து கொடுக்க உடம்பில் வேறு ஆளில்லை. அதனால் நஞ்சுக்கொடி பொறுப்பேற்கும் வரை, அதாவது பத்துப் பன்னிரண்டு வாரம், ஊசி தொடரும். கர்ப்ப கால ரத்த அழுத்தம் கூடும் அபாயமும் இரண்டிலுமே சாதாரணக் கர்ப்பத்தைவிட அதிகம். மாதாமாதம் பி.பி. பார்ப்பதில் அலட்சியம் கூடாது.

செலவிலும் காத்திருப்பிலும் கரு தத்து பொதுவாக இலகுவானது. முட்டை தருகிற பெண்ணுக்கான மருந்து, முட்டை எடுப்பது, ஆய்வகத்தில் கரு வளர்ப்பது எதுவும் இங்கே இல்லை. கரு ஏற்கெனவே மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் இருக்கிறது.

எத்தனை வருடமாக இருக்கிறது என்ற பயம் எனக்கும் இருந்தது. அந்தக் குளிரில் கரு மூப்படைவதில்லை. 1992-இல் உறைய வைத்த கருக்களிலிருந்து 2022-இல் அமெரிக்காவில் இரட்டைக் குழந்தைகள் பிறந்தன. ஆண்டுக் கணக்கைவிட, எந்த முறையில் உறைய வைத்தார்கள் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. இப்போதைய அதிவேக உறைநிலை முறையில் பத்தில் ஒன்பதுக்கு மேல் உயிரோடு மீள்கின்றன. பழைய மெதுவான முறையில் இழப்பு கூடுதல். கருவைக் கருப்பையில் பதிக்கும் நாளில் ஆய்வகத் திரையில் எங்களுக்குக் காட்டினார்கள். உறைநிலையிலிருந்து எடுத்த கரு முதலில் ஒரு பக்கமாகச் சுருங்கிக் கிடந்தது. பதிக்கிற நேரத்துக்குள் மெல்ல நீர் கோத்து விரிந்து, தன் வட்டத்தை நிரப்பிக்கொண்டது. என் கணவர் என் கையை இறுக்கிப் பிடித்தது இன்னும் நினைவில் இருக்கிறது.

தான முட்டையின் பலத்தையும் சொல்லியாக வேண்டும். முட்டை தருபவர் இளம் வயதினர், பரம்பரை நோய்களுக்குப் பரிசோதிக்கப்பட்டவர். ஒரே சுற்றில் பல கருக்கள் கிடைக்கலாம். முதல் முறை தவறினாலும் அடுத்ததற்கு இருப்பு உண்டு, தம்பி தங்கைக்கும் வழி உண்டு. தத்துக் கருவில் அந்த வசதி குறைவு. அவை தம்பதி தங்களுக்காக உருவாக்கியவை. நல்ல தரத்தில் இருந்தவற்றைப் பெரும்பாலும் அவர்களே முதலில் பயன்படுத்தியிருப்பார்கள், மீதிதான் நம்மிடம் வரும். அவர்களும் குழந்தையில்லாமல் சிகிச்சைக்கு வந்தவர்களே. தானம் தருபவருக்குச் செய்கிற எல்லாச் சோதனைகளும் அவர்களுக்கு அப்போது நடந்திருக்காது. நாங்கள் தொற்று நோய்ச் சோதனைகளை மறுபடி எடுத்துத் தரச் சொன்னோம். அவர்களும் மறுக்காமல் எடுத்துத் தந்தார்கள்.

தான முட்டையில் அப்பாவின் ரத்த உறவு தொடரும் என்பது பலருக்குப் பெரிய ஆறுதல். என் கணவர் அதை வேறு விதமாகப் பார்த்தார். "என் சாயல்ல ஒரு பிள்ளை வளரும்போது உனக்கு மட்டும் ஏதோ குறையுற மாதிரி ஆயிடக் கூடாது" என்றார். "எனக்கு அப்படியெல்லாம் தோணாதுங்க" என்றேன், மனதாரத்தான் சொன்னேன். எங்கள் முடிவு அந்த இடத்தில் எடுக்கப்பட்டதில்லை.

முடிவைத் தீர்மானித்தது அந்தப் பிள்ளையின் உடல்நலக் கதை. முட்டை தானத்துக்காக எங்களிடம் காட்டிய கோப்பில் இருபதுகளில் இருக்கும் ஒரு பெண்ணின் விவரம் இருந்தது. உயரம், படிப்பு, ரத்த வகை, பெற்றோருக்கு என்ன நோய் என்று எல்லாம் ஒழுங்காக எழுதியிருந்தது. ஆனால் அது அந்த ஒரு நாளின் நிலவரம். அந்த வயதில் அவருக்கே தன் உடம்பில் என்ன வரப்போகிறது என்று தெரியாது. சர்க்கரை, தைராய்டு, மார்பகப் புற்று என்று எது வந்தாலும் பெரும்பாலும் பின்னால்தான் வரும். அவருக்கு நாற்பதில் ஏதாவது தெரியவந்தால் அந்தச் செய்தி எங்கள் வீட்டுக்கு வந்து சேர அங்கே பாதை எதுவும் வைக்கவில்லை.

கருவைத் தந்த குடும்பத்தோடு நாங்கள் செய்துகொண்டது வெளிப்படையான ஏற்பாடு. அவர்கள் எங்களைவிட மூத்தவர்கள், பெற்றோருடைய நோய்களையும் பார்த்தவர்கள். அவர்களுக்கு இரண்டு பிள்ளைகள். என் மகனுக்கு முழு ரத்த சம்பந்தமுள்ள அக்காவும் அண்ணனும் அவர்கள். ஆண்டுக்கு ஒரு முறை படமும், உடல்நலச் செய்தி இருந்தால் உடனேயும் அனுப்புவது என்று பேச்சு. மகனுக்கு ஒன்றரை வயது இருக்கும்போது அந்த அம்மாவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. தன் பெண்ணுக்கு ஒரு கண்ணில் பார்வை பின்தங்கியிருப்பதைப் பள்ளியில் சேர்த்த பிறகுதான் கண்டுபிடித்தார்களாம், நல்ல கண்ணை மறைத்துக் கட்டிப் பயிற்சி நடக்கிறதாம். "நீங்கள் சீக்கிரமே காட்டிவிடுங்கள்" என்று கடைசியில் அடிக்கோடிட்டிருந்தார்.

உடனே குழந்தைகள் கண் மருத்துவரிடம் போனோம். இவனுக்கும் ஒரு கண்ணில் பவர் தூக்கலாக இருந்தது. வெளியே பார்த்தால் மாறுகண் கிடையாது, தடுமாற்றம் கிடையாது, நாங்களாகக் கண்டுபிடித்திருக்க வழியே இல்லை. இப்படி ஒரு கண்ணில் பார்வை பின்தங்குவதைச் சோம்பல் கண் என்பார்கள்; அது குடும்பத்தில் ஓடக்கூடியது, ஏழு வயதுக்குள் கவனித்தால் நன்றாகச் சரியாகும். இப்போது காதுக்குப் பின்னால் வார் கட்டிய ஒரு குட்டிக் கண்ணாடியோடு வீடு முழுக்க ஓடுகிறான். முட்டை தானத்தில் இப்படி ஒரு கடிதம் எங்களுக்கு வந்திருக்காது.

இந்த வாதம் வெளிப்படையான ஏற்பாடு இருந்தால் மட்டுமே நிற்கும். கரு தத்திலும் தந்தவர் யார் என்றே தெரியாத முறை உண்டு. அதில் நான் சொன்ன சாதகம் அத்தனையும் போய்விடும், தான முட்டையே மேலாகக்கூட அமையலாம். முட்டை தானத்திலும் அடையாளம் தெரிந்த தானம் உண்டு. பிரிட்டனில் 2005 ஏப்ரலுக்குப் பிறகு பதிவுசெய்து முட்டையோ விந்தோ கருவோ தானம் தந்தவர்கள் யார் என்பதைப் பிறந்த பிள்ளை 18 வயதில் கேட்டறியலாம். தங்கையோ நெருங்கிய சொந்தமோ முட்டை தர முன்வருகிற வீடுகளில் என் கணக்கு அப்படியே தலைகீழாகும்.

எங்கள் அனுபவம் எட்டாத இடமும் இருக்கிறது. மகன் சிறுவன். எப்படி வந்தான் என்பதைப் படக்கதையாகச் சொல்லி வருகிறோம், கேட்டுக்கொள்கிறான். ஒரே அப்பா அம்மாவின் அணுவில் வந்த அக்காவும் அண்ணனும் இன்னொரு வீட்டில் வளர்வது பதினைந்து வயதில் அவனுக்கு எப்படிப் படும் என்று என்னால் இப்போது சொல்ல முடியாது. தான முட்டையில் தந்தவரின் பிள்ளைகள் பாதி உறவு, இங்கே முழு உறவு. இந்தப் பாரம் கூடுதல்தான். ஆனால் வீட்டிலிருந்தே டி.என்.ஏ. சோதனை செய்துகொள்ள முடிகிற காலத்தில் எதையும் மறைத்து வைக்க முடியாது. தெரிந்த உறவாகவே வளரட்டும் என்பது எங்கள் இருவரின் எண்ணம்.

இந்தப் பக்கம் வருகிறவர்கள் ஒப்பந்தத்தை வழக்கறிஞரிடம் காட்டிவிட்டுக் கையெழுத்திடுங்கள். பல இடங்களில் கருவைப் பெறுவதற்குக் குழந்தை தத்துச் சட்டம் பொருந்தாது, எழுதிக்கொள்ளும் ஒப்பந்தம்தான் பேசும். அதில் மூன்றை விடாமல் கேளுங்கள். உடல்நலச் செய்தியை இரண்டு வீடுகளும் எப்படி, யார் வழியாகத் தெரிவிப்பது? ஒரு வீடு முகவரி மாறினால் தொடர்பை யார் காப்பது? நமக்குக் குழந்தை பிறந்த பிறகு கரு மீதமிருந்தால் அதன் முடிவு யாருடையது? மூன்றாவது கேள்விக்கு எங்கள் ஒப்பந்தத்தில், மீதமுள்ளது தந்தவர்களிடமே திரும்பும் என்று எழுதியிருக்கிறது. அதைக் கேட்டது அவர்கள். நாங்கள் ஒரு நொடிகூடத் தயங்காமல் சம்மதித்தோம்.