911-இன் ஆயில் குழாய்களும் இரண்டு ஸ்பேனர்களும்: எட்டு வருட அனுபவம்

டொராண்டோவில் எட்டு வருடமாக 1982 போர்ஷே 911 எஸ்சி ஒன்று வைத்திருக்கிறேன். அதன் ஆயில் குழாய்களைக் கழற்ற எந்த ஸ்பேனர் வாங்கலாம் என்று யாராவது கேட்டால், முதலில் இரண்டாக வாங்குங்கள் என்பேன்.

இந்த எஞ்சினுக்குத் தண்ணீர் ரேடியேட்டர் கிடையாது. காற்றோடு சேர்ந்து ஆயிலும்தான் சூட்டை வாங்கிப் போக வேண்டும். அதனால் பத்து லிட்டருக்கு மேல் ஆயில் பிடிக்கும். வலது பின்சக்கரத்துக்குப் பின்னால் ஆயில் தொட்டி, அதே சக்கரத்துக்கு முன்னால் தெர்மோஸ்டாட், அதாவது ஆயில் சூடானதும் கூலருக்கு வழி திறந்துவிடும் வால்வு. அங்கிருந்து வண்டியின் வலது ஓரமாகவே குழாய்கள் ஓடி முன் மட்கார்டுக்குள் இருக்கும் கூலருக்குப் போகின்றன. சக்கரம் வாரியடிக்கும் சேறும், பனிக்காலத்தில் ரோட்டில் கொட்டும் உப்பும் நேராக இந்த நட்டுகள் மேல்தான் விழும். தெர்மோஸ்டாட் அலுமினியம், நட்டு இரும்பு. உப்புநீரில் வருடக்கணக்காக ஊறினால் மரை இறுகிப்போய், அசைக்கவே முடியாது.

முதல் வருடம் வீட்டில் கிடந்த பெரிய ஸ்க்ரூ ஸ்பேனரோடு இறங்கினேன். நட்டின் மூலைகள் மழுங்கின. பிறகு ஒரு 1 7/16 இஞ்ச் ஸ்பேனர் மாட்டிப் பார்த்தேன். 36 மில்லிமீட்டர் நட்டுக்கு அது அரை மில்லிமீட்டர் பெரிது. மிச்சமிருந்த மூலைகளும் போயின. அதைவிட மோசம், எதிர்ப்பக்கத்தைப் பிடிக்காமல் திருகியதில் குழாயே முறுக்கிக்கொண்டது. கடைசியில் குழாயைத் தியாகம் செய்தேன். நட்டை நீளவாக்கில், மரையைத் தொடாத ஆழத்துக்கு அறுத்து, உளியால் தட்டிப் பிளந்தேன். தெர்மோஸ்டாட்டின் மரை தப்பியது. குழாயைவிட அதுதான் விலை கூடிய உருப்படி.

அப்புறம்தான் ஒழுங்காக வாங்கினேன். என் காரில் பெரிய நட்டுகள் 36, சில இடங்களில் 32. காலிப்பரால் அளக்காமல் வாங்காதீர்கள், வண்டிக்கு வண்டி யாராவது எதையாவது மாற்றியிருப்பார்கள். திருப்புவதற்கு ஜெடோர் கம்பெனியின் 894, ஒருபக்க ஓப்பன் ஸ்பேனர். வாய் 15 டிகிரி சாய்ந்திருப்பதால், மட்கார்டுக்குள் கை அசையாத இடத்திலும் புரட்டிப் புரட்டி மாட்டலாம். எட்டு வருடத்தில் வாய் கொஞ்சமும் விரியவில்லை. எதிர்ப்பக்கம் பிடிக்க ஒரு மலிவான 36. அதன் கன்னத்தை கிரைண்டரில் தேய்த்து மெலிதாக்கிவிட்டேன், ஏனென்றால் அங்கே இடம் அவ்வளவு குறுகல். (பழைய வோக்ஸ்வேகன் பீட்டில் காரின் பின் ஆக்சில் நட்டும் 36தான் என்பதால் இந்த அளவு கிடைப்பதில் சிரமமில்லை.) இரண்டு பிடிகளும் ஒரு கைக்குள் அடங்கும்படி மாட்டிச் சேர்த்து அழுத்தினால் போதும். உடம்பைக் கொடுத்து இழுக்க வேண்டியதில்லை, குழாயும் முறுக்காது.

ரேஸ் கார் கடைகளில் நீலமும் சிவப்புமாய் விற்கும் அலுமினிய ஸ்பேனரையும் வாங்கிப் பார்த்தேன். புது அலுமினிய ஃபிட்டிங்கில் கீறல் விழாமல் முடுக்க அருமை. துருப்பிடித்த நட்டைக் கழற்ற அதைத் தொடவே வேண்டாம். கிநிபெக்ஸ் கம்பெனியின் இடுக்கி ஸ்பேனர் நன்றாகத்தான் பிடிக்கிறது, ஆனால் அதன் தலை தடிமன். தெர்மோஸ்டாட் பக்கம் நுழையவில்லை.

எதைக் கழற்றினாலும் முந்தின நாளே மரைக்குள் துரு இளக்கும் எண்ணெய் விட்டு வைக்கிறேன். திரும்ப மாட்டும்போது மரை இறுகாமல் காக்கும் ஆன்ட்டி சீஸ் பசையைக் கொஞ்சமாகத் தடவி, முதல் இரண்டு சுற்றைக் கையாலேயே ஏற்றுகிறேன்.

போன மாதம் முன் கூலரின் குழாயை மாற்றினேன். தெர்மோஸ்டாட் நட்டு பத்தே நிமிடத்தில் வந்துவிட்டது. ஆனால் தொட்டியை வடித்துவிட்டேன் என்ற தைரியத்தில் கீழே சின்னத் தட்டு வைத்திருந்தேன். குழாய்க்குள் தங்கியிருந்த ஆயில் என் முழங்கை வழியாக இறங்கித் தரையெல்லாம் பரவிவிட்டது. நீங்கள் அகலமான தட்டாக வையுங்கள்.