மேவன்: பில்ட் சக்ஸஸ், ஓடுவது மட்டும் பழைய கோட்

ஜாவா புராஜெக்டுக்கு வேண்டிய லைப்ரரிகளைக் கொண்டுவந்து பில்ட் செய்து தரும் மேவனைப் பல வருடமாகப் பயன்படுத்துகிறேன். எந்தெந்த லைப்ரரி வேண்டும் என்பதெல்லாம் எழுதியிருக்கும் பாம் ஃபைலைத் திறந்தால் புராஜெக்ட் புரிந்துவிடும். டீமில் புதிதாகச் சேருபவர் ஒரே கமாண்டில் பில்ட் எடுத்துவிடலாம். யாரும் தொடாமல் கிடந்த மாட்யூல்கூட இன்றைக்கும் ஒழுங்காகக் கம்பைல் ஆகிறது. இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். எனக்குள்ள எரிச்சல் ஒன்றே ஒன்று. ஒரே லைப்ரரியின் இரண்டு வெர்ஷன்கள் மோதும்போது, எதை எடுத்தேன் என்று இது வாயைத் திறந்து சொல்வதே இல்லை.

சமீபத்தில் எங்கள் பில்லிங் அப்ளிகேஷனில் வரித் தொகையை ரவுண்ட் செய்யும் கணக்கைத் திருத்தினோம். அது பொதுவான யுடிலிட்டி ஜாரில் (கம்பைல் ஆன கிளாஸ்களின் பொட்டலம்) இருக்கிறது, அதன் வெர்ஷன் 1.9ஆக இருந்தது 2.4 ஆனது. அதன் டெஸ்டுகள் பாஸ், பில்டும் சக்ஸஸ். சர்வரில் போட்டால் பழைய கணக்கே வருகிறது. புதிதாகச் சேர்த்த லாக் வரி எங்கேயும் காணோம். எந்த வரி ஓடுகிறது என்று காட்டும் டீபக்கரை இணைத்தால் அது, ஓடவே முடியாத கமென்ட் வரியில் போய் நிற்கிறது. அப்புறம் என்ன, டார்கெட் ஃபோல்டரை அழிப்பது, சர்வரை ரீஸ்டார்ட் செய்வது, கேஷைச் சந்தேகப்படுவது என்று ஒரு பகல் முழுக்கப் போனது.

எந்த லைப்ரரி எது வழியாக வருகிறது என்று காட்டும் டிபென்டென்சி ட்ரீயை வெர்போஸாக, அதாவது முழு விவரத்தோடு, எடுத்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. சாதாரணமாக எடுத்தால் மோதலில் தோற்றுப்போன வெர்ஷன் அதில் தெரியவே தெரியாது. 2.4 மூன்றாவது அடுக்கில் இருந்தது. மெயில் அனுப்பும் மாட்யூல் வழியாக 1.9 இரண்டாவது அடுக்கிலேயே வந்துவிட்டது. நம் பாம் ஃபைலுக்கு எது பக்கத்தில் இருக்கிறதோ அதை எடுப்பதுதான் மேவனின் விதி. எது புதியது என்று பார்க்காது. 2005இல் மேவன் 2 வந்த காலத்திலிருந்தே இப்படித்தான்.

இதில் மெத்தட் ஏதாவது காணாமல் போயிருந்தால் நோசச்மெத்தட்எரர் வந்து அலறியிருக்கும். எங்கள் திருத்தத்தில் மெத்தடின் பெயரும் பாராமீட்டரும் மாறவில்லை, உள்ளே இருக்கும் கணக்கு மட்டும்தான் மாறியது. அதனால் எந்தச் சத்தமும் இல்லாமல் தப்பான தொகை வந்துகொண்டிருந்தது.

சரி, பாம் ஃபைலில் வெர்ஷனைக் கட்டாயமாக்கும் டிபென்டென்சி மேனேஜ்மென்ட் பகுதியில் 2.4 என்று எழுதி அடக்கினோம். என் மெஷினில் சரியாகிவிட்டது, சர்வரில் இல்லை! அங்கே லிப் ஃபோல்டரில் கிடந்த ஒரு ஃபேட் ஜாருக்குள் (மற்ற லைப்ரரிகளையும் உள்ளே அடக்கிய ஜார்) அதே கிளாஸின் பழைய காப்பி இருந்தது. கிளாஸ்களை எங்கே தேடுவது என்று ஜாவாவுக்குச் சொல்லும் கிளாஸ்பாத்தில் ஃபோல்டரோடு நட்சத்திரக் குறி போட்டால், ஜார்கள் எந்த வரிசையில் வரும் என்பதற்கு ஜாவா உத்தரவாதம் தருவதில்லை. முதலில் கண்ணில் பட்ட கிளாஸை லோட் செய்துவிட்டு, இரண்டாவதைத் திரும்பியும் பார்க்காது. இது ஒன்றும் புதுத் தொல்லை இல்லை. டெஸ்ட் எழுத உதவும் ஜேயூனிட்டில் 4.10 வரை அதன் ஜாருக்குள்ளேயே ஹாம்கிரெஸ்ட் என்ற இன்னொரு லைப்ரரியின் கிளாஸ்கள் இருந்தன. தனியாக ஹாம்கிரெஸ்ட் 1.3 சேர்த்தவர்கள் பட்ட பாட்டுக்குக் கணக்கில்லை.

நியாயமாகப் பேசினால் இந்த இரண்டாவது சிக்கலுக்கு மேவன் பொறுப்பல்ல. அதைக் கண்டுபிடித்துத் தந்தது ஜாவாவோடு கூடவே வரும் வெர்போஸ் கிளாஸ் ஆப்ஷன். எந்த கிளாஸ் எந்த ஜாரிலிருந்து வந்தது என்று வரிக்கு வரி எழுதித் தள்ளுகிறது. அதில் கிளாஸ் பெயரைத் தேடியதும் ஃபேட் ஜாரின் பாத் அப்படியே வந்து நின்றது. இவ்வளவு எளிமையான ஒன்றை ஏன் எல்லோரும் கடைசியில்தான் நினைக்கிறார்கள் என்று தெரியவில்லை.

மேவனுக்கும் என்ஃபோர்சர் பிளகின் இருக்கிறது. கேட்டதைவிடப் பழைய வெர்ஷன் உள்ளே நுழைந்தால் பில்டையே நிறுத்திவிடும் விதி அதில் உண்டு. அருமையாக வேலை செய்கிறது. ஆனால் அதை நாமே தேடிப் பிடித்துச் சேர்க்க வேண்டுமாம். தொகை தப்பாகப் போகும் விஷயத்தை ஆப்ஷனலாக வைப்பது என்ன நியாயமோ!

இதைக் கேட்ட நண்பர் ஒருவர், அப்போது புது புராஜெக்டுக்கு மேவன் மாதிரியே இன்னொரு பில்ட் டூலான கிரேடில் எடுக்கலாமா என்றார். மோதல் வந்தால் கிரேடில் சாதாரணமாக உயர்ந்த வெர்ஷனைத்தான் எடுக்கும், எடுங்கள் என்றேன். அந்த வாரமே எங்கள் அடுத்த மாட்யூலை ஆரம்பித்தேன், மேவனில்தான். முதல் வேலையாக என்ஃபோர்சரைப் போட்டேன்.