நாயின் காலில் வைத்த தகடு: எடுப்பதா, விடுவதா?

முறிந்த தொடை எலும்புக்குத் தகடு வைத்து, எலும்பு கூடி, நாய் பழையபடி ஓடத் தொடங்கிய பிறகு, உள்ளே கிடக்கும் உலோகம் பின்னாளில் புற்றுநோயைக் கொண்டுவருமோ என்ற அச்சம் வளர்ப்பவருக்கு எழுகிறது. தகட்டை விட்டுவைப்பது, எடுத்துவிடுவது, தொடக்கத்திலேயே டைட்டானியம் வைப்பது ஆகிய வழிகளை இந்த அச்சத்தின் அளவை அறிந்த பிறகுதான் ஒப்பிட முடியும்.

அச்சத்துக்கு அடிப்படை உண்டு. நாய்களுக்குத் தானாக வரும் ஆஸ்டியோசார்கோமா என்னும் எலும்புப் புற்று பெரும்பாலும் பெரிய இனங்களில், எலும்பின் நுனிக்கு அருகில், அதாவது முழங்காலை ஒட்டியோ, தோள்பட்டையிலோ, மணிக்கட்டுக்கு மேலோ தோன்றுகிறது. முறிவைத் தொடர்ந்து வரும் புற்றோ எலும்பின் நடுத்தண்டில், பெரும்பாலும் தொடை எலும்பில், சிகிச்சை முடிந்து சராசரியாக 5, 6 ஆண்டுகள் கழித்துத் தலைகாட்டுகிறது. இந்த நாய்களின் பழைய குறிப்புகளைப் புரட்டினால் பல துண்டுகளாக நொறுங்கிய முறிவு, சீழ் வைத்த காயம், தளர்ந்த திருகு, தாமதமாகக் கூடிய எலும்பு ஆகியவை அடிக்கடி தென்படுகின்றன. உலோகமே வைக்காத முறிவிடங்களிலும் புற்று பதிவாகியிருப்பதால், ஆண்டுக்கணக்கில் ஆறாமல் புகைந்துகொண்டிருக்கும் அழற்சியையே உலோகத்தைவிட முதலில் சந்தேகிக்க வேண்டும் என்பது என் கருத்து.

ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. முறிவுக்கு உலோகம் வைத்த நாய்களை மற்ற நாய்களோடு ஒப்பிட்டு 1993-இல் வெளிவந்த ஆய்வு, உலோகத்துக்கும் புற்றுக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பைக் காணவில்லை. ஆனால் முழங்கால் தசைநார் அறுந்த நாய்களுக்கு, கால் முன்னெலும்பின் மேற்பகுதியை அறுத்துத் திருப்பித் தகடு வைக்கும் டிபிஎல்ஓ அறுவை பற்றி 2018-இல் வந்த அமெரிக்க ஆய்வு, அந்த இடத்தில் புற்று வரும் வாய்ப்பு ஏறத்தாழ 40 மடங்கு கூடுவதாக மதிப்பிட்டது. எண்ணைக் கண்டு பதறவேண்டியதில்லை. மிக அரிதான ஒன்று 40 மடங்கானாலும் சிறுபான்மையாகவே இருக்கும். இந்த அறுவைக்குத் தொடக்கத்தில் பயன்பட்ட ஸ்லோக்கம் தகடு, அடித்துச் செய்யாமல் உருக்கி வார்த்த 316எல் எனும் துருப்பிடிக்காத எஃகு வகையால் ஆனது. உலோக அமைப்பு சீராக இல்லாததால் அதன்மேல் கேள்விகள் எழுந்தன. அதே எஃகை அடித்து உருவாக்கிய தகடுகள் பின்னர் வந்தன. ஆகவே பழைய வார்ப்புத் தகட்டின் கணக்கை இன்றைய தகட்டின் தலையில் அப்படியே கட்டிவிட முடியாது.

எஃகா டைட்டானியமா என்பதில் எனக்கு அதிகத் தயக்கம் இல்லை. 316எல் எஃகில் நிக்கல் 10 முதல் 14 சதவீதம் வரை இருக்கிறது. டைட்டானியம் அரிப்பை இன்னும் நன்றாகத் தாங்கும், விலையும் கூடுதல். உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை, உடலுக்குள் வைக்கப்படும் தூய நிக்கலையும் கோபால்ட்டையும் 1999-இல் சந்தேகப் பட்டியலில் சேர்த்தாலும், எலும்பு அறுவையில் பயன்படும் கலப்பு உலோகக் கருவிகளை வகைப்படுத்தப் போதிய சான்று இல்லை என்றே முடிவு செய்தது. புற்று பயத்துக்காக மட்டும் டைட்டானியத்துக்குப் பணம் கட்டச் சொல்லமாட்டேன். எஃகுத் தகட்டில் டைட்டானியத் திருகைக் கலந்து முடுக்குவதுதான் தவறு, ஏனென்றால் இரு உலோகங்கள் உரசும் இடத்தில் அரிப்பு கூடும். மாவுக்கட்டை இந்தப் போட்டியில் சேர்க்கவே முடியாது: தொடை எலும்புக்கு மேலுள்ள இடுப்பு மூட்டை அதனால் அசையாமல் பிடித்துவைக்க இயலாது.

எடுப்பதில் இன்னொரு மயக்கமருந்தும் இன்னொரு அறுவையும் மட்டுமல்ல செலவு. திருகு கழன்ற துளைகள் நிரம்பும்வரை எலும்பு அங்கே பலவீனமாக இருக்கும். நாயைச் சில வாரங்கள் கட்டி வைக்கவில்லை என்றால் அதே இடத்தில் மீண்டும் முறியலாம். அதனால் நன்றாகக் கூடிய, அமைதியாக இருக்கும் தகட்டை எடுக்காமல் விடுவதே என் தேர்வு. சீழ் கசிந்தாலோ, எக்ஸ்ரேயில் திருகைச் சுற்றிக் கருநிற வளையம் தெரிந்தாலோ, தகடு வளர்ச்சியைத் தடுக்கும் குட்டியாக இருந்தாலோ, தாமதிக்காமல் எடுத்துவிட வேண்டும்.

அறுவைக்கு நான்கைந்து ஆண்டுகள் கழித்து நாய் திடீரென நொண்டினால், திருகு தளர்ந்திருக்கும் என்று வலி மாத்திரையோடு விடக்கூடாது. தகட்டை ஒட்டிய எலும்பின் ஓரம் எக்ஸ்ரேயில் கரையான் அரித்த மரம்போல் தெரிந்தால், தகட்டைக் கழற்றும் முன்பே திசுத் துணுக்கு எடுத்துச் சோதித்து, புற்று பரவியிருக்கிறதா என்று நுரையீரலையும் படம் பிடித்துப் பார்க்க வேண்டும்.