கூட்டத்தைத் தள்ளிவைத்தார்கள், காரணமும் சொன்னார்கள்: ஒரு நிர்வாகி அலுவலகத்தின் சேவை

அட்டனில் சின்னதாக ஒரு தேயிலைப் பொதியிடும் கூடம் நடத்துகிறோம். எங்கள் பி.ஓ.பி.எஃப். (சிறுதுகள் தேயிலை) பைக்கற்றுகளை வாங்கி விற்ற அவுஸ்திரேலியக் கம்பனி ஒன்று கடனில் மூழ்கி, நிர்வாகிகள் கைக்குப் போனது. நிர்வாகிகள் என்றால், கடனில் சிக்கிய கம்பனியை இயக்குநர்களிடமிருந்து பொறுப்பேற்று, அதை என்ன செய்வதென்று பார்க்க நியமிக்கப்படும் வெளியாட்கள். அனுப்பிய சரக்குக்கான காசு அங்கேயே நிற்கிறது. அந்த நிர்வாகிகளின் அலுவலகம் எங்களைப் போன்ற கடன்கொடுநர்களை எப்படி நடத்தியது என்பதைத்தான் எழுதுகிறேன். மலையகத்திலிருந்து வெளிநாட்டுக்குப் பொருள் அனுப்பும் சிறிய ஆட்களுக்கு இது உதவும்.

முதல் ஈமெயிலே தெளிவாக இருந்தது. அங்குள்ள சட்டப்படி முதல் கூட்டம் 8 வேலைநாட்களுக்குள் நடக்க வேண்டும். அது பெரும்பாலும் அறிமுகக் கூட்டம்தான். கம்பனியின் தலைவிதியைத் தீர்மானிப்பது இரண்டாவது கூட்டம். அதைக் கூட்ட நிர்வாகிகளுக்கு 20 வேலைநாட்கள் உண்டு. டிசம்பரிலோ பெரிய வெள்ளியை ஒட்டியோ நிர்வாகம் தொடங்கினால் 25. அந்தக் கூட்டத்தில் மூன்றில் ஒன்றுக்கு நாங்கள் வாக்களிக்கலாம்: கடனைத் தீர்க்க ஓர் உடன்படிக்கை, கம்பனியைப் பழைய இயக்குநர்களிடமே திருப்பிக் கொடுப்பது, அல்லது மூடிவிடுவது.

அப்புறம் வந்தது அடுத்த அறிவித்தல். இரண்டாவது கூட்டத்துக்குக் கால நீடிப்புக் கேட்டு நீதிமன்றம் போகிறோம் என்றார்கள். "இழுத்தடிக்கத்தான் பார்க்கிறாங்க, மச்சான்" என்றார் கணக்குப் பார்க்கும் என் மைத்துனர். எனக்கும் நெஞ்சு படபடத்தது. ஆனால் இந்த இடத்தில்தான் அந்த அலுவலகம் எங்கள் நம்பிக்கையைப் பெற்றது. நீடிப்பு ஏன் வேண்டும் என்பதை மேலோட்டமாகச் சொல்லிவிட்டுப் போகவில்லை. கம்பனியை வாங்க விரும்புகிறவர்கள் கணக்குகளை இன்னும் பார்த்து முடிக்கவில்லை, கடை வாடகை ஒப்பந்தங்கள் பேசப்படுகின்றன, களஞ்சியக் கையிருப்பு எண்ணப்படுகிறது என்று ஒவ்வொன்றையும் எழுதியிருந்தார்கள். வழக்கு விசாரணைக்கு வரும் திகதியையும் தந்தார்கள். எதிர்ப்பு இருந்தால் கடன்கொடுநர் யாரும் தெரிவிக்கலாம் என்றும் இருந்தது.

யோசித்துப் பார்த்தால் நியாயம் புரிகிறது. கையில் ஒரு முன்மொழிவும் இல்லாமல் கூட்டத்தைக் கூட்டினால் கம்பனியை மூடத்தான் வாக்கு விழும். மூடினால் பிணை (கடனுக்கு ஈடான சொத்து) வைத்திருக்கும் வங்கிக்கும் தொழிலாளரின் சம்பள பாக்கிக்கும் போக மிஞ்சுவதில்தான் நமக்குப் பங்கு. வேலை செய்தவர்களின் சம்பளம் முன்னால் போவது எனக்குச் சரியாகவே படுகிறது. வேர்ஜின் அவுஸ்திரேலியா விமானக் கம்பனி 2020 ஏப்ரல் 20இல் நிர்வாகத்துக்குள் போனபோதும் நீதிமன்றம் கால நீடிப்புக் கொடுத்தது. இரண்டாவது கூட்டம் செப்டெம்பர் 4இல்தான் நடந்தது. அந்த அவகாசத்தில் வாங்குபவர் கிடைத்தார், கம்பனி தப்பியது. ஆனால் பிணையில்லாத கடன்கொடுநருக்குக் கடன் முழுதாகத் திரும்பவில்லை. அதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இன்னொரு நல்ல விஷயம். நிர்வாகக் காலத்தில் எங்கள் கம்பனியின் நிர்வாகிகள் எங்களிடம் புதிதாக ஒரு சிறு ஓடர் கேட்டார்கள். அனுப்பலாமா என்று தயங்கினோம். நிர்வாகிகள் பொறுப்பேற்றபின் அவர்கள் வாங்கும் பொருளுக்கு அவர்களே தனிப்பட்ட பொறுப்பு என்று சட்டம் சொல்வதை எழுத்தில் விளக்கினார்கள். அனுப்பினோம், காசு சொன்ன நாளில் வந்தது. பழைய பாக்கி வேறு, இது வேறு.

குறைகளும் உண்டு. நீதிமன்றம் நீடிப்பைக் கொடுத்த பிறகு வாரக்கணக்கில் ஒரு வரிகூட வரவில்லை. காத்திருக்கச் சொன்னவர்கள், என்ன நடக்கிறது என்று இடைக்கிடை சொல்லத்தானே வேண்டும்? உதவிக்கென்று கொடுத்த இலவச தொலைபேசி இலக்கம் அவுஸ்திரேலியாவுக்குள் மட்டும்தான் வேலை செய்தது. எங்களுக்கு எவ்வளவு வர வேண்டும் என்று எழுதிக் கொடுக்கும் கடன் உரிமைப் படிவம் அவுஸ்திரேலிய டொலரில் தொகை கேட்டது. எங்கள் இன்வொய்ஸோ அமெரிக்க டொலரில். எந்த நாளின் நாணய மாற்று வீதம் என்று படிவத்தில் இல்லை, ஈமெயில் போட்டுத்தான் தெரிந்துகொண்டோம்.

நேரம்தான் பெரிய சிக்கல். முதல் கூட்டம் சிட்னி நேரம் காலை 11 மணிக்கு, இணையவழியில். நமக்கு அது விடிகாலை 6.30. மழை பிடித்துக்கொண்டால் எங்கள் பக்கம் சிக்னல் நிற்காது. ஒக்டோபரில் அங்கே கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளிவிட்டால் 5.30 ஆகிவிடும். நமக்குப் பதிலாக வாக்களிக்க ஒருவரை நியமிக்கும் பதிலாள் படிவம் "4 மணிக்குள்" வேண்டும் என்றிருந்தது. எங்கள் கணக்கில் அது பகல் 11.30. இதைச் சுட்டிக்காட்டி எழுதியதும், அடுத்த அறிவித்தலிலிருந்து இலங்கை நேரத்தையும் போட்டார்கள். அதற்கு நன்றி.

கேள்வி-பதில் பக்கத்தில் இருந்த ஒரு விஷயம் ஏற்றுமதி செய்யும் எல்லோருக்கும் வேண்டியது. காசு வரும்வரை சரக்கு எங்களுடையது என்று இன்வொய்ஸில் எழுதினால் மட்டும் அங்கே போதாது. எந்தச் சரக்கில் யாருக்கு உரிமை என்று குறிக்கும் அந்த நாட்டின் பிணைப் பதிவேட்டிலும் பதிய வேண்டும். பதிவு இணையத்திலேயே நடக்கிறது. சரக்கு கப்பல் ஏறும் முன்னரே செய்துவிடுங்கள்.

ஐந்துக்கு நாலு நட்சத்திரம் கொடுக்கிறேன். வாரக்கணக்கான அந்த மௌனத்துக்காக ஒன்றைக் குறைத்தேன். இரண்டாவது கூட்டத்துக்கான அறிக்கை இன்னும் வரவில்லை. வந்ததும் நிர்வாகிகள் எதைப் பரிந்துரைக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு இதிலேயே சேர்த்து எழுதுகிறேன்.