கடை விற்கும் கூடுதல் வாரண்டியா, நாமே ஒதுக்கிவைக்கும் பணமா?

தூத்துக்குடியில் புது வீட்டுக்குக் குடிபோனபோது ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், ஏசி, டிவி ஆகிய நான்கையும் ஒரே கடையில் வாங்கினோம். நான்குக்கும் சேர்த்து இரண்டாண்டுக் கூடுதல் வாரண்டி எடுக்க ஏறத்தாழ 14,000 ரூபாய் கேட்டார்கள். நான் கடையின் திட்டம் எதையும் எடுக்கவில்லை. டிவிக்கு மட்டும் தயாரிப்பு நிறுவனத்திடமே நேரடியாகக் கூடுதல் வாரண்டி வாங்கினேன். மீதிப் பணத்தில் ஒரு பகுதி மின் பாதுகாப்புக்குச் செலவானது; எஞ்சியது பழுதுச் செலவுக்கென்று தனிக் கணக்கில் இருக்கிறது. அந்த முடிவு சரி என்றே இன்றும் நினைக்கிறேன். அதற்கான காரணங்களையும், எந்த இடத்தில் வேறு முடிவு பொருந்தும் என்பதையும் இங்கே எழுதுகிறேன்.

நம்முன் உள்ள வழிகள் நான்கு: கடையின் திட்டம், தயாரிப்பாளரின் கூடுதல் வாரண்டி, ஆண்டுதோறும் புதுப்பிக்கும் பராமரிப்பு ஒப்பந்தம், நாமே பணத்தை ஒதுக்கிவைப்பது. கடையின் திட்டத்தில் கடைக்கு நல்ல லாபம் இருக்கிறது என்பதும், ஒரே எண்ணை அழைத்தால் ஆள் வருவார் என்ற வசதி நமக்கு இருக்கிறது என்பதும் அனைவரும் அறிந்தவை. கடையின் திட்டத்தைப் பெரும்பாலும் கடை நேரடியாக நடத்துவதில்லை; பின்னால் ஒரு சேவை நிறுவனமோ காப்பீட்டு நிறுவனமோ இருக்கும். ஆகவே நாம் கையொப்பமிடுவது யாருடைய நிபந்தனைகளுக்கு என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

தயாரிப்பாளர் ஏற்கெனவே தந்திருப்பது என்ன என்பது அடுத்த கேள்வி. இன்று விற்கும் இன்வெர்ட்டர் ஃபிரிட்ஜ்களில் (தேவைக்கேற்பக் கம்ப்ரசரின் வேகத்தை மாற்றிக்கொள்பவை) பலவற்றுக்குக் கம்ப்ரசருக்கு 10 ஆண்டு வாரண்டி உண்டு. வாஷிங் மெஷின் மோட்டாருக்கும் அதே அளவு தருகிறார்கள். ஏசியில் கம்ப்ரசருக்கு 10 ஆண்டும், அதைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் போர்டுக்கு 5 ஆண்டும் தரும் நிறுவனங்கள் உள்ளன. அப்படியென்றால் கூடுதல் வாரண்டியின் விலையில் ஒரு பகுதியை, கையில் இருக்கும் பாதுகாப்புக்கே மறுபடியும் கொடுக்கிறோம். ஆனால் இந்தப் பத்தாண்டு அந்த உறுப்புக்கு மட்டுமே உரியது என்பதை மறக்கக் கூடாது. கம்ப்ரசரை இலவசமாகத் தந்தாலும் கேஸ் நிரப்பும் செலவு, வேலைக் கூலி, சில சமயம் வண்டி வாடகை ஆகியவை நம்முடையவை. கடையின் திட்டம் இவற்றை ஏற்கிறதா என்று கேட்டால், விற்பனையாளரின் வாய்மொழியும் நிபந்தனைத் தாளும் பெரும்பாலும் ஒத்துப்போவதில்லை.

என் முடிவைத் தீர்மானித்த முதன்மைக் காரணம் இதற்கு அடுத்த படியில் இருக்கிறது. இன்றைய வீட்டுச் சாதனங்களில் அதிகம் பழுதாவது எது, எதனால் பழுதாகிறது, அந்தக் காரணத்தை வாரண்டி ஏற்கிறதா என்பதே அது. ஊரில் எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் ‘போர்டு போயிருச்சு’ என்ற சொல்லைத்தான் அடிக்கடி கேட்கலாம். பழைய ஃபிரிட்ஜில் ஒரு தெர்மோஸ்டாட்டும் ரிலேயும் இருந்த இடத்தில், இன்று மோட்டாரின் வேகத்தையே கட்டுப்படுத்தும் மின்னணுப் போர்டு இருக்கிறது. அது மின்சாரத்தை மிச்சப்படுத்துகிறது. மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கத்துக்கு முதலில் பலியாவதும் அதுவே.

நமது வீடுகளுக்கு வரவேண்டிய அழுத்தம் 230 வோல்ட். தெருவில் நியூட்ரல் கம்பி அறுந்தாலோ அதன் இணைப்பு தளர்ந்தாலோ, சில வீடுகளுக்கு அது 400 வோல்ட்டை நெருங்கும் அளவுக்கு ஏறிவிடும். வேறு சில வீடுகளில் விளக்கு மங்கிப்போகும். வீட்டு மின்பலகையில் தானாக விழும் சுவிட்சான சாதாரண எம்சிபி இதைத் தடுக்காது, ஏனெனில் அது மின்னோட்டம் மிகுந்தால் விழுவதே தவிர, அழுத்தம் மிகுந்தால் விழுவதில்லை. வடகிழக்குப் பருவமழைக் காலத்து இடி மின்னலையும் இத்துடன் சேர்த்துக்கொள்ள வேண்டும். அடுத்த எதிரி உயிரினங்கள். ஃபிரிட்ஜின் பின்புறத்து வெப்பத்தை நாடிவரும் பல்லி போர்டில் விழுந்து குறுக்குச் சுற்றை உண்டாக்கும். வாஷிங் மெஷினின் அடிப்பகுதி வழியாக நுழையும் எலி வயர்களைக் கடிக்கும். எங்களைப் போலக் கடலோரத்தில் இருப்பவர்களுக்கு உப்புக் காற்றும் உண்டு. அது ஏசியின் வெளிப்புற யூனிட்டில் உள்ள காயிலை அரித்து, கேஸ் கசிவதற்கு வழி செய்கிறது.

இப்போது நிபந்தனைத் தாளின் ‘இவை பொருந்தா’ என்ற பகுதிக்கு வருவோம். மின்னழுத்த மாறுபாடு, மின்னல், பூச்சிகளும் எலிகளும் விளைவிக்கும் சேதம், துரு, அரிப்பு ஆகியவை நான் வாங்கிப் படித்த தாள்களில் ஏதோ ஒரு சொல்லமைப்பில் விலக்கப்பட்டிருந்தன. ஒரு போர்டு கருகியிருந்தால், அது உற்பத்திக் குறையால் கருகியதா, வெளியிலிருந்து வந்த அழுத்தத்தால் கருகியதா என்று தீர்மானிப்பவர் அந்தத் திட்டத்தின் சார்பாக வரும் ஆளே. அவர் நேர்மையாகவே முடிவு செய்தாலும், நம் ஊர் நிலவரத்தில் அந்த முடிவு நமக்கு எதிராக அமைவதற்கான வாய்ப்பே அதிகம். அதாவது எந்தக் காரணத்தால் பொருள் பழுதாக வாய்ப்பு மிகுதியோ, அதே காரணம் வாரண்டிக்கு வெளியே நிற்கிறது.

ஆகவே, கடைக்குக் கொடுக்க வேண்டியிருந்த தொகையின் ஒரு பகுதியில் ஏசிக்குத் தக்க ஸ்டெபிலைசரும், மின்சாரம் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் அழுத்தம் எல்லை மீறினால் தானாகத் துண்டிக்கும் கருவியும் வாங்கினேன். எலக்ட்ரீஷியனைக் கொண்டு எர்த்திங்கைச் சோதிக்கச் செய்தேன். வாஷிங் மெஷினின் அடிப்பகுதியைக் கம்பி வலையால் மூடினோம். ‘இந்த ஏசிக்கு ஸ்டெபிலைசரே தேவையில்லை’ என்று சொல்லி விற்கிறார்கள். அது குறிப்பிட்ட வோல்ட் வரம்புக்குள் மட்டுமே உண்மை என்பது அந்தச் சாதனத்தின் கையேட்டிலேயே அச்சாகியிருக்கும்.

ஒதுக்கிய பணத்துக்கு இன்னொரு பலமும் உண்டு. போர்டு போனால் புதுப் போர்டுதான் போட வேண்டும் என்பது அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரின் நடைமுறை. ஆனால் போர்டுக்குள் இருக்கும் ஃபியூஸ், ரிலே, கெப்பாசிட்டர், அதிக அழுத்தத்தைத் தன்மேல் வாங்கிக் கருகும் வேரிஸ்டர் போன்ற சிறு உறுப்புகளை மாற்றியே அதைச் சரிசெய்யும் திறமைசாலிகள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். சென்னையின் ரிச்சி தெருவில் உதிரி உறுப்புகள் மலிவாகவே கிடைக்கின்றன. வாரண்டி நடப்பில் இருக்கும்போது வெளியாள் திறந்தால் உரிமை போய்விடும் என்பதால், இந்தச் சிக்கனமான வழி நமக்கு அடைபட்டிருக்கும். எல்லாப் போர்டும் இப்படிச் சரியாகும் என்று சொல்ல மாட்டேன். ஈரத்தைத் தடுக்கப் பிசின் ஊற்றி மூடிய போர்டுகளைப் பிரிப்பது கடினம்.

கூடுதல் வாரண்டி விழும் காலமும் கவனிக்கத் தக்கது. மின்னணுப் பொருள்களில் உற்பத்திக் குறை இருந்தால் அது பெரும்பாலும் தொடக்க மாதங்களிலேயே வெளிப்படும். அதற்கு மூல வாரண்டி இருக்கிறது. தேய்மானப் பழுதுகள் பல ஆண்டுகள் கழித்து வருபவை. அதற்குள் கூடுதல் வாரண்டி முடிந்திருக்கும். இடைப்பட்ட அமைதியான ஆண்டுகளே நமக்கு விற்கப்படுகின்றன. ‘மூன்று வருட வாரண்டி’ என்று சொல்லும்போது, தயாரிப்பாளர் தரும் முதல் ஆண்டும் அந்தக் கணக்கில் சேர்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். பழுதுபார்க்க இயலாது என்று முடிவானால், சில திட்டங்கள் தேய்மானம் கழித்து மீதியை அதே கடையில் செலவழிக்கும் கூப்பனாகத் தருகின்றன.

இந்த வாதம் டிவிக்குப் பொருந்தாது. பெரிய டிவியில் விலையின் பெரும்பகுதி பேனலுக்கு, அதாவது திரைக்கு, உரியது. அதில் கோடு விழுந்தால் பெரும்பாலும் மாற்றுவதைத் தவிர வழியில்லை. ஊர் மெக்கானிக்கின் கைத்திறன் அங்கே அதிகம் உதவாது. ஒதுக்கிய பணமும் அந்த ஒரு செலவிலேயே கரைந்துவிடும். அதனால்தான் அங்கே தயாரிப்பாளரின் திட்டத்தை எடுத்தேன். அவர்களிடம் அதே மாடலின் பேனல் கிடைக்கும் வாய்ப்பு அதிகம், ஆளும் அவர்களுடையவர். இதுவரை அதைப் பயன்படுத்தும் தேவை வராததால், அவர்கள் எவ்வளவு விரைவாகச் செயல்படுவார்கள் என்பதற்கு என்னிடம் சான்று இல்லை. பல நிறுவனங்கள் இதை மூல வாரண்டி முடிவதற்குள் எப்போது வேண்டுமானாலும் வாங்க அனுமதிக்கின்றன. எனவே பில் மேசையில் நின்றபடி அவசரமாக முடிவெடுக்க வேண்டியதில்லை.

பராமரிப்பு ஒப்பந்தத்தை ஏசிக்கு மட்டும் பரிசீலிக்கலாம். உறுப்புகளையும் உள்ளடக்கியது, சர்வீஸ் மட்டும் செய்வது என அதில் இரு வகை உண்டு. விலை வேறுபாடு பெரியது. கைபேசிக்கான திட்டங்களை நான் எடுத்ததில்லை. கீழே விழுந்து திரை உடைவதையும் ஏற்கும் காப்பீடு வேறு வகையானது என்பதால், மேலே சொன்ன கணக்கை அதற்கு நீட்டிக்க விரும்பவில்லை.

எடுத்த திட்டம் மறுக்கப்பட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, கடை எந்த ஊரில் இருந்தாலும் நாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் தர முடியும். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் அதற்குக் கட்டணமும் இல்லை. பில்லைப் படமெடுத்து வைப்பது அவசியம், ஏனெனில் வெப்பத்தாளில் அச்சான எழுத்து சில மாதங்களிலேயே மங்கிவிடும்.

என் சின்னம்மா தனியாக இருக்கிறார். மெக்கானிக்கைத் தேடுவதும், சொல்லும் விலை நியாயமா என்று பேரம் பேசுவதும் அவரால் இயலாதவை. ஒதுக்கிவைத்த பணம் கையில் இருந்தாலும் அதைக் கொண்டு வேலையை முடிக்க ஓர் ஆள் வேண்டும் அல்லவா? அவருடைய ஃபிரிட்ஜுக்கும் வாஷிங் மெஷினுக்கும் தயாரிப்பாளரின் கூடுதல் வாரண்டியை நானே வாங்கிக் கொடுத்தேன். கூடவே அவர் வீட்டிலும் அதே மின் துண்டிப்புக் கருவியைப் பொருத்தச் செய்தேன்.