கூழாங்கல்லை எடுத்து மணல் போட்டேன்: ஒன்றரை வருடத்துக்கு அப்புறம்

ஒன்றரை வருடத்துக்கு முன்பு வரை என் மீன் தொட்டியின் அடியில் கிடந்தது நீலக் கூழாங்கல். நாலைந்து பிளாஸ்டிக் செடிகள், ஐந்து கருப்பு டெட்ரா மீன்கள். 75 செ.மீ. நீளம், 90 லிட்டர் கொள்ளளவு. மீன்களுக்கு நோய் எதுவும் இல்லை, ஆனால் நாள் முழுக்க ஃபில்டருக்குப் பின்னால் ஒரே மூலையில் ஒண்டிக்கொண்டு நிற்கும். அதைப் பார்க்கப் பார்க்க மனசு கேட்காமல்தான் மணலும் உயிர்ச்செடிகளுமாகத் தொட்டியை மாற்ற முடிவெடுத்தேன்.

நீச்சல் குள ஃபில்டர்களில் போடுகிற மணலையே வாங்கினேன். துகள்கள் ஒரே சீராக இருக்கும், மாவு போல இறுகாது. கடற்கரை மணலில் சிப்பித் துகள்கள் கலந்திருக்கும். அவை கரைந்து தண்ணீரின் கடினத்தன்மையை ஏற்றிவிடும். எந்த மணலாக இருந்தாலும் ஒரு பிடி எடுத்து அதில் வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது என்று அர்த்தம். நாலு செ.மீ. உயரத்துக்கு எனக்கு 14 கிலோ பிடித்தது. அதைக் கொஞ்சம் கொஞ்சமாக வாளியில் போட்டு அலசவே ஒரு பகல் போயிற்று.

தப்பு நடந்தது அடுத்த நாள். பழைய கல் முழுவதையும் ஒரே மூச்சில் அள்ளி வெளியே போட்டேன். ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவாமல் தொட்டித் தண்ணீரிலேயே ஊறவைத்திருந்ததால் எல்லாம் சரியாக இருக்கும் என்று நம்பினேன். நாலாம் நாள் டெட்ராக்கள் மேலே வந்து வேகவேகமாக மூச்சு வாங்கின. டெஸ்ட் கிட்டில் அமோனியா 0.5 காட்டியது, இருக்க வேண்டியதோ பூஜ்யம். மீன் கழிவில் வரும் அமோனியாவை நைட்ரைட்டாகவும் அப்புறம் நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியாக்கள் ஃபில்டரில் மட்டும் குடியிருப்பதில்லை, கல்லின் மேலும் படிந்திருக்கும். நான் குப்பையில் போட்டது அவற்றையும் சேர்த்துத்தான். பத்து நாள், தினமும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றி, குளோரின் நீக்கி ஊற்றினேன். ஐந்தும் பிழைத்தன. இன்று செய்வதென்றால் வாரத்துக்குக் கால் பங்கு கல்லாக எடுப்பேன். கடைசிப் பங்கை ஒரு வலைப்பையில் கட்டி இன்னும் சில வாரம் தொட்டிக்குள்ளேயே தொங்கவிடுவேன். இதைப் படித்துவிட்டு ஒரே ஒரு விஷயத்தைத்தான் நினைவில் வைத்துக்கொள்வீர்கள் என்றால், அது இதுவாக இருக்கட்டும்.

மணல் போடும்போது ஃபில்டரை நிறுத்தி வையுங்கள். மோட்டாருக்குள் மணல் போனால் உள்ளே சுழலும் பாகம் தேய்ந்துவிடும்.

செடிகளில் மூன்று வகை வைத்தேன்: பின்பக்கம் வாலிஸ்நேரியா, நடுவில் கிரிப்டோகோரைன், மரக்கட்டை மேல் அனுபியாஸ். கிரிப்டோகோரைன் பத்தே நாளில் கூழாகக் கரைந்தது. செத்துவிட்டதென்று பிடுங்கப் போனேன், வேரைப் பார்த்தால் வெள்ளையாக உறுதியாக இருந்தது. இடம் மாறினால் இலைகளை உதிர்த்துவிட்டு மறுபடி துளிர்ப்பது அதன் சுபாவம். ஒரு மாதத்தில் புது இலைகள் வந்தன. அனுபியாஸின் தடித்த கிடைத்தண்டை மணலில் புதைக்கவே கூடாது, அழுகிப்போகும். நூலால் கட்டையோடு கட்டிவிட்டால் வேர் தானே பற்றிக்கொள்ளும். வெறும் மணலில் சத்து கிடையாது என்பதால், வேரூன்றும் செடிகளின் அடியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை உர மாத்திரை புதைக்கிறேன்.

மூன்றாவது வாரம் மணல், கண்ணாடி, இலை எல்லாவற்றிலும் பழுப்புத் தூள் போலப் பாசி படிந்தது. புதிதாக அமைத்த தொட்டிகளில் இது சகஜம். விளக்கைப் பத்து மணி நேரத்திலிருந்து ஏழு மணி நேரமாகக் குறைத்து, விரலால் துடைத்துவிட்டுக் காத்திருந்தேன். இரண்டு மாதத்தில் மறைந்தது.

அமோனியாவும் நைட்ரைட்டும் தொடர்ந்து மூன்று வாரம் பூஜ்யத்தில் நின்ற பிறகுதான் புது மீன் வாங்கினேன். தரையைக் கிளறி மேயும் சின்னக் கெளுத்தி வகையான கோரிடோராஸ், ஆறு. அவற்றையும் நேரே விடாமல் தனித் தொட்டியில் மூன்று வாரம் வைத்து, வெள்ளைப் புள்ளி நோய் இல்லை என்று உறுதியான பிறகே சேர்த்தேன். விட்ட அன்று மாலை நாற்காலி போட்டு உட்கார்ந்தவன் இரண்டு மணி நேரம் எழுந்திருக்கவில்லை. கண் வரைக்கும் மூக்கை மணலில் புதைத்து, வாய் நிறைய அள்ளி, செவுள் வழியாகச் சலித்து வெளியே விடுகின்றன! கல் தரையில் இந்த மீனால் இதைச் செய்யவே முடியாது. மணல் போட்டதற்கு இந்த ஒரு காட்சி போதும் எனக்கு. அவ்வப்போது விருட்டென மேலே போய் ஒரு வாய் காற்றை விழுங்கி வருவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். குடல் வழியாகவும் சுவாசிக்கும் மீன் அது.

பராமரிப்பில் ஒரு வித்தியாசம் உண்டு. கல்லுக்குள் ஒளிந்துகொள்ளும் கழிவு மணலில் அப்படியே மேலே கிடக்கும், முதலில் கண்ணை உறுத்தியது. ஆனால் வாராவாரம் கால் பங்கு தண்ணீரை மாற்றும்போது, சைஃபன் குழாயை மணலுக்கு ஒரு விரற்கடை மேலே பிடித்தால் கழிவு மட்டும் வந்துவிடுகிறது. மணலின் ஆழத்தில் காற்றில்லாத இடங்கள் உண்டாகாமலிருக்க, புதைந்து வாழும் மலேசியன் ட்ரம்பெட் என்ற கூம்பு வடிவ நத்தைகளை விட்டிருக்கிறேன். இரவில் அவை உழுதுகொண்டே இருக்கும். தீனி அதிகமானால் பெருகிவிடும், அது கவனம். நிறத்தில் மட்டும் எனக்குக் குறை: வெளிர் மணல் மேல் மீன்களும் வெளிறித் தெரிகின்றன. அடுத்த முறை கருமணல்தான்.

கருப்பு டெட்ராக்கள் இப்போது மூலையில் நிற்பதில்லை. வாலிஸ்நேரியாவுக்குள் புகுந்து புறப்பட்டுத் தொட்டி முழுக்கச் சுற்றுகின்றன. ஆறு மாதம் முன்பு எட்டு ஹார்லெக்வின் ரஸ்போராக்களைச் சேர்த்தேன். போன வாரம் காலையில் விளக்கைப் போட்டபோது, ஒரு ஜோடி கிரிப்டோகோரைன் இலைக்கு அடியில் தலைகீழாகத் திரும்பி, வயிற்றை இலையோடு ஒட்டிக்கொண்டு நின்றது. அந்த மீன் முட்டையிடுவது அப்படித்தான். மற்ற மீன்கள் மதியத்துக்குள் முட்டைகளைத் தின்றுவிட்டன. அடுத்த முறை அந்தச் செடியை முட்டையோடு தனித் தொட்டிக்கு மாற்ற, சின்னத் தொட்டி ஒன்றில் தண்ணீர் நிரப்பி ஸ்பாஞ்ச் ஃபில்டரை ஓடவிட்டிருக்கிறேன்.